இல்லை என்று சொல்ல ஓர் ஆள்

மனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டால் போதும், என்ன செய்தேன், எதை மறந்தேன், யார் போய் என்ன சொன்னார்கள் என்று அந்த நடைபாதையைக் கடப்பதற்குள் ஆயிரம் குற்றங்களை நானே என் தலையில் போட்டு முடித்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்குப் போலிஷ் தெரியும்தானே? நாளைக்கு ஒரு கூட்டத்தில் மொழிபெயர்க்க முடியுமா?" என்று கேட்டார். என்னில் பிழை ஒன்றும் இல்லை என்ற சந்தோஷத்தில் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது.

நான் வேலை செய்வது கனடாவில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில். வாசல் மேசை என்னுடையது. வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவேன், தொலைபேசி எடுப்பேன், வழி தவறி வாசலுக்கு வந்துவிடுகிற முதியவர்களுக்குக் கதை கொடுத்துத் திருப்பி அனுப்புவேன். அந்தப் பக்கத்தில் ஆங்கிலம்தான் அதிகம், பிரெஞ்சும் வேண்டும். போலிஷ் எனக்கு வந்தது யாரும் திட்டமிட்டதல்ல. கனடாவுக்கென்று புறப்பட்ட என்னையும் என் கணவரையும் ஏஜென்ட் போலந்தில் இறக்கிவிட்டு, "கொஞ்ச நாளில வாறன், இஞ்சையே இருங்கோ" என்றான். இருந்தோம். ஆள் வரவேயில்லை. வருடக்கணக்கில் அங்கே கிடந்தோம். கன்னியாஸ்திரிகள் நடத்திய வயோதிபர் மடத்தில் எனக்கு உடுப்புத் தோய்க்கிற வேலை கிடைத்தது. அங்கிருந்த கிழவிகள்தான் என் வாத்திமார். அதனால் என் போலிஷ் படுக்கைவிரிப்பு, வயிற்றுவலி, சூப், செபம் இவற்றுக்குள்தான் ஓடும். அதிகாரிகள் பேசுகிற போலிஷ் எனக்கு வராது.

கூட்டம் ஒரு போலந்து ஐயாவைப் பற்றியது. அவருடைய மனைவி எங்கள் இல்லத்தில் இருக்கிறா. நினைவு தப்பிவிட்டது. ஐயா தினமும் மதியம் பஸ்ஸில் வந்து இரவுச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குப் போலிஷில் வணக்கம் சொன்னேன். மனுஷன் தொப்பியைக் கழற்றி, குனிந்து, என் கையைப் பிடித்து முத்தமிட்டார். வாசலில் பார்சல்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "பேந்து அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டனீரோ?" என்று ஒரு கிழமை பகிடி பண்ணினார்.

அந்த அம்மாவுக்குப் பின்னேரமானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வந்துவிடும். அழுவா, கதவைத் தட்டுவா. ஐயா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். குளிர்கோட்டை எடுத்து அவவுக்குப் போட்டுவிடுவார். சக்கர நாற்காலியிலிருந்து மெல்லத் தூக்கி நிறுத்தி, அணைத்துப் பிடித்துக்கொண்டு, அறையைச் சுற்றி நடத்துவார். தங்கள் பழைய ஊரின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். சுற்றி வந்து நாற்காலியில் இருத்தி, "வந்திட்டம்" என்பார். அம்மா அமைதியாகிவிடுவா. கோட்டைக் கழற்றித் தொங்கவிடுவார். இதை நான் கதவிடுக்கால் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பிறகு அம்மாவின் கால்கள் பலம் இழந்தன. இரண்டு பணியாளர்கள் இல்லாமல் அவவை எழுப்பி நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னார். ஐயாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மாதிரி அதற்கும் தலையாட்டினார். விளங்கித்தான் ஆட்டினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா, யாருக்குத் தெரியும். ஒரு பின்னேரம் வழக்கம்போலத் தூக்கி நிறுத்தியபோது அம்மாவின் முழங்கால் மடங்கி, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேசன் முடிந்து திரும்பி வந்திருக்கிறா.

இப்போது கேள்வி, ஐயாவை இனி அவவோடு அறையில் தனியாக விடலாமா என்பது. விடாவிட்டால் பொதுக்கூடத்தில், பணியாளர் ஒருவர் பார்த்திருக்க, கொஞ்ச நேரம் சந்திக்கலாம். எழுத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில் தொலைக்காட்சி அலறும். அங்கே அம்மாவுக்கு ஐயாவை அடையாளமே தெரியாது, யாரோ பிறத்தி மனுஷன் என்று கத்துவா. அந்த அறைக்குள் மட்டும்தான் அவர் அவவுக்குப் புருஷன். முடிவு சொல்ல வேண்டியவர் அவர்களுடைய ஒரே மகன். விமானத்தில் வர வேண்டிய தூரத்தில், கல்கரியில் இருக்கிறார். அம்மாவுக்குரிய சட்டப் பொறுப்பு அவருடையது. தொலைபேசியில் வருவார். சின்ன வயதிலேயே போலிஷை விட்டுவிட்டவர், ஆங்கிலம்தான்.

அன்று பின்னேரம் செயின்ட்-மிஷேலில் வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டே கணவரிடம் சொன்னேன்.

"உம்மை ஆர் ஓம் எண்டு சொல்லச் சொன்னது?" என்றார். "போன்ல மொழிபெயர்க்கிற ஆக்கள் இருக்கினம்தானே?"

"கூப்பிட்டவையாம். ஐயாவுக்குப் போன்ல காது கேக்கேல்லையாம், பாதியில வைச்சிட்டாராம். நான் எண்டால் சம்மதமாம்."

"அப்ப சரி. அவை சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாரும். உம்மட வாயை மட்டும் கொஞ்சம் கட்டிவையும்."

"நான் என்ன, கண்டபடி வாயடிக்கிறனானோ?" என்று பாய்ந்தேன். அவர் அரிசியைக் கழுவத் தொடங்கினார்.

நாளைக்குப் பிழை என்ற சொல்லைப் போலிஷில் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலை. ஆங்கிலத்தில் பல்பு எரியாவிட்டாலும் ஒரே சொல், மனுஷன் பிழை செய்தாலும் அதே சொல். எங்களுக்கும் பிழை என்ற ஒன்று எல்லாவற்றுக்கும் ஓடும். போலிஷில் அது நடக்காது. இயந்திரம் கெட்டால் ஒரு சொல், கணக்கில் தவறினால் இன்னொரு சொல், மனுஷனில் பிழை என்றால் 'வினா'. எங்களுக்கு வினா என்றால் வெறும் கேள்வி, அவர்களுக்கு அது பெரும் பாரம். பூசை தொடக்கத்தில் நெஞ்சில் தட்டி, நாங்கள் பாவம் என்று சொல்கிற இடத்தில் அவர்கள் சொல்வது அந்தச் சொல்தான். அதை எடுத்து ஓர் அலுவலக மேசையில், அந்த வயதானவர் முன்னால் எப்படி வைப்பது? குற்றம் சாட்டுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் பொலிஸ் ஸ்டேஷனில் கேட்டது. மடத்தில் கிழவிகள் சண்டை பிடிக்கும்போது பாவிப்பது இன்னொன்று. இரண்டும் சரிவராது. சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

காலையில் கோட்-வெர்ட்யூவில் மெட்ரோவை விட்டு இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோதும் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

ஐயா கோட்டும் டையுமாக வந்திருந்தார். சவரம் செய்த தாடையில் இரண்டு இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. மனேஜர் ஒரு பக்கம், கணினியோடு நேர்ஸ் மறுபக்கம், மேசை நடுவில் தொலைபேசி, அதில் மகன். மனேஜர் நல்ல மனுஷி. எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, "அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், நாங்கள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். சரி என்றேன்.

"முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்," என்று தொடங்கினார். "இங்கே யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை."

போச்சுடா என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் "குறை சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ" என்று தொடங்கினால் பின்னால் ஒரு லொறி குறை வரும். ஐயாவின் ஆட்களும் அப்படித்தான். நான் தேடிப் பிடித்து, யாருக்கும் உங்களில் மனக்குறை இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான், ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. மனக்குறை என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி.

அம்மா விழுந்த அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். கோட்டு, தெருக்கள், முழங்கால் மடங்கியது, எல்லாம். அவர் பேசுவது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவேதான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"நான் இறுக்கிப் பிடிச்சிருக்க வேணும்," என்று முடித்தார். "என்ர பிழைதான்."

சொல்லிவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மனேஜர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிக இரக்கமாக, "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றார். நேர்ஸின் விரல்கள் கணினியில் ஓடின.

நன்றியாம்! ஐயா எதற்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலோ செத்த வீட்டிலோ ஒருவர் வாய் திறந்தால் முதலில் வருவது இதுதான். "நான்தான் கவனியாமல் விட்டிட்டன்." உடனே பக்கத்தில் இருக்கிற நாலு பேர், "சும்மா இருங்கோ அக்கா, உங்களில என்ன பிழை? நீங்கள் பாக்காத பார்வையோ?" என்று விழுந்தடித்துச் சொல்ல வேண்டும். அவ "இல்லை, என்னிலதான்" என்பா. இவர்கள் மறுபடி மறுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவவால் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க முடியும். மறுக்காமல் சும்மா இருந்தவளை, "வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாளோ?" என்று சாகும்வரை பேசுவார்கள். போலந்து மடத்திலும் இதையேதான் கண்டேன். புருஷனை இழந்த கிழவி, டொக்டரை முந்தியே கூப்பிட்டிருக்க வேணும் என்று தன்னையே திட்டுவாள். கன்னியாஸ்திரிகள் சுற்றி நின்று இல்லை இல்லை என்பார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த அறையில் ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அடுத்த முறை பெரிதாகச் சொல்வார்கள்.

மனேஜர், எழுப்பி நிறுத்தக் கூடாது என்று சொன்னது விளங்கியிருந்ததா என்று கேட்டார்.

"விளங்காமல் என்ன?" என்றார் ஐயா. "நான் ஒரு விசர்க் கிழவன். என்ர பிடிவாதத்தால அவளின்ர எலும்பை முறிச்சுப்போட்டன்." மறுபடி பார்த்தார். இந்த முறை கண் தொலைபேசியில் நின்றது.

சொன்னேன். சொல்லும்போது குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்தேன். என்ன பிரயோசனம், விரல்கள் ஓடின. ஐயா நிறுத்துங்கோ, இவர்கள் எங்கட ஆக்கள் இல்லை, இவர்கள் எழுதுகிறார்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஐயா எங்கள் முகங்களை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"என்னை இனி அவளுக்குக் கிட்ட விடக் கூடாது."

மாதாவே! இதுதான் கடைசி. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இதைக் கேட்டால் எந்தக் கல்நெஞ்சுக்காரனும் எழும்பி வந்து தோளைப் பிடித்து, அப்படிச் சொல்லாதேங்கோ என்பான். அதைத்தான் அவர் கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மனேஜர்.

தண்ணீரைக் குடித்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

தொலைபேசி முதன்முறையாகப் பேசியது. "சரி. அவரே சொல்லிவிட்டாரே. இனி என்ன?" களைத்த குரல். மனேஜர் கவலையோடு தலையை அசைத்து, "அவருடைய விருப்பம் அது என்றால்..." என்று தொடங்கினார்.

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. "மன்னிக்க வேண்டும்," என்றேன் ஆங்கிலத்தில். "இப்ப நான் சொல்லப் போவது அவர் சொன்னது இல்லை. நான் சொல்வது." நேர்ஸ் நிமிர்ந்தார். வேலை போகப் போகுது என்று ஒரு பக்கத்தால் ஓடியது. வாய் நிற்கவில்லை. செத்த வீட்டுக் கதையைச் சொன்னேன், மடத்துக் கதையைச் சொன்னேன், மூன்று முறை சொல்லிவிட்டார் ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை, அதனால்தான் ஏற்றிக்கொண்டு போகிறார் என்றேன். ஆங்கிலம் எங்கே போனதோ தெரியாது, நடுவில் பிரெஞ்சும் வந்தது. ஐயா ஒன்றும் புரியாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனேஜர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, "ஆனால் அவர் மனைவியைத் தூக்கினார்தானே?" என்று கேட்டார்.

"ஓம், தூக்கினார். தூக்கினபடியால்தான் இப்படிச் சொல்கிறார்."

"அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" தொலைபேசி சீறியது. "பிழை இல்லை என்று பொய் சொல்லவா? என் அம்மாவின் இடுப்பு முறிந்திருக்கிறது."

"எனக்குத் தெரியாது," என்றேன். உண்மையாகவே தெரியாது. அவர் கேட்டதும் நியாயம்தானே. நான் ஏன் வாயைத் திறந்தேன், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். தொலைபேசியில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவர் வேறு இடத்துக்குப் போனார் போல. வைத்துவிட்டாரோ என்று மனேஜர் குனிந்து பார்த்தார்.

அப்போது அந்தக் கரகரத்த ஆண்குரல் போலிஷில் வந்தது. நாலு வயதுப் பிள்ளையின் போலிஷ், ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி.

"இல்லையப்பா. என்ர பிழை. நான் வரேல்லை. அம்மாவை அங்க விட்ட நாள் தொடக்கம் நான் ஒருக்காலும் வரேல்லை."

ஐயா நாற்காலி பின்னால் சரிய எழும்பிவிட்டார். மேசையில் ஓங்கி ஓர் அடி. என் கிளாஸ் கவிழ்ந்தது.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்!" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார். "உன்னில என்ன பிழை? உனக்கு அங்க வேலை, பிள்ளை குட்டி! ஆர் உனக்கு இப்படிச் சொன்னது? உன்னில ஒரு பிழையும் இல்லை, கேட்டியோ? ஒரு பிழையும் இல்லை!"

மனேஜர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். "கோபப்படுகிறாரா? என்ன சொல்கிறார்?"

"மகனில் ஒரு பிழையும் இல்லை என்கிறார்," என்றேன். அன்று முழுவதிலும் எனக்குச் சொல் தேடாமல் வந்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். நேர்ஸ் அதை எழுதவில்லை, கணினியின் பக்கமாக ஓடிய தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தார்.

தொலைபேசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ஆங்கிலத்தில், விட்டு விட்டு வந்தது. அப்பா அறைக்கே போகட்டும். தூக்குவதற்கு மட்டும் பணியாளர்கள் இருவர் வரட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். மனேஜர், அதை ஒழுங்கு செய்யலாம் என்றார்.

ஐயா நின்றபடியே என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"நீங்கள் நாளைக்கும் அம்மான்ர அறைக்கே போகலாமாம், ஐயா."

"அது கிடக்கட்டும்," என்றார். "பிள்ளை அழுகிறானோ?"